அரசர் உலா மக்கள் விழாவான வரலாறு: திருப்பூணித்துறை அத்தச்சமயம்

ஆண்டு விழா என்பது வணிகர் ஆண்டிறுதியில் எழுதும் ஐந்தொகை போன்றது. வந்தது எவ்வளவு, சென்றது எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று அவர் பார்ப்பதுபோல, ஒரு நாடும் தன் பிறந்தநாளில் தன்னைத்தானே கணக்குப் பார்த்துக்கொள்கிறது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பாரதம் விடுதலை பெற்று 75 ஆண்டுகள் நிறைவுற்றன. 2025ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் குடியரசுக்கும் 75 ஆண்டுகள் நிறைவுற்றன. இத்தகைய நாள்களில் ஒவ்வொரு மாநிலமும் தன் வரலாற்றையும் கலையையும் எடுத்து அவை நடுவே வைக்கிறது. குடியரசு நாளன்று தில்லிப் பெருவீதியில் அணிவகுத்துச் செல்லும் அலங்கார ஊர்திகளைக் கண்டவர்கள் இதனை நன்கறிவர்.

தமிழகத்திற்கு வெளியே குடிபுகுந்து வாழும் தமிழ் மக்களுக்கு அந்நாள்களில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. 'இவர்கள் தம் முன்னோர் பெருமையைப் பேசுகின்றனர். நாம் வாயிலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியவர்களா, அன்றி உள்ளே சென்று உடன் அமரத்தக்கவர்களா?' என்பதே அவ்வையம். மணமாகிச் சென்ற பெண்ணுக்குப் பிறந்தகம் ஒன்று உண்டு. புகுந்தகம் ஒன்று உண்டு. புகுந்தகத்தின் திருநாளில் அவள் விருந்தினளாக ஒதுங்கி நிற்பதில்லை. விளக்கேற்றி வைப்பவளே அவள்தான். அதனால் பிறந்தகத்தின் மேல் அவள் கொண்ட அன்பு குன்றுவதுமில்லை. மாநிலம் மாறி வாழும் தமிழர் நிலையும் ஏறக்குறைய இதுவே. இதனை விளக்குதற்குக் கொச்சியின் பகுதியாகிய திருப்பூணித்துறையில் நிகழும் விழா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் அத்தச்சமயம்.

பெயரும் ஊரும்

'சமயம்' என்றவுடன் நமக்கு நெறியோ காலமோ நினைவுக்கு வரும். இங்கே அப்பொருள் இல்லை. மலையாள மொழியில் இச்சொல் ஒப்பனையை, அணிகலன் பூண்டு விளங்கும் கோலத்தைக் குறிக்கும். 'அத்தம்' என்பது நாம் அஸ்தம் என்று வழங்கும் நட்சத்திரம். ஆவணித் திங்களில், அஃதாவது மலையாளத்தார் சிங்கம் என்று கூறும் மாதத்தில், அத்த நாளன்று மன்னர் முழுக் கோலம் பூண்டு நகர் வலம் வந்த விழாவாதலின் இது அத்தச்சமயம் எனப் பெயர் பெற்றது. அத்தம் முதல் பத்தாம் நாள் திருவோணம். ஆகவே கேரளத்தின் ஓணப் பெருவிழாவுக்குக் கால்கோள் செய்யும் நாள் இதுவே. வீட்டு முற்றங்களில் பூக்கோலம் இடத் தொடங்குவதும் இந்நாளிலேதான்.

திருப்பூணித்துறை பழைய கொச்சி அரச குடும்பத்தாரின் இருப்பிடமாக விளங்கிய ஊர். பெரும்படப்புச் சொரூபம் என்பது அக்குடும்பத்தின் பெயர். பெரியாற்றில் 1341ஆம் ஆண்டில் பெருகிய வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். துறை வளர்ந்தது; அரசரும் அங்கே வந்தமர்ந்தனர். பின்னர்ப் போர்த்துக்கேசியர் வந்தனர். அவர்கள் 1555ஆம் ஆண்டையொட்டி மட்டாஞ்சேரியில் ஓர் அரண்மனை கட்டி அரசருக்கு அளித்தனர். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றி அவ்வரண்மனையைச் செப்பனிட்டமையால், அதற்கு டச்சு அரண்மனை என்ற பெயர் இன்றளவும் வழங்குகிறது. அதன் சுவர்களில் தீட்டப்பெற்ற இராமாயண ஓவியங்களைக் காணப் பல நாட்டாரும் வருகின்றனர். காலப்போக்கில் அரச குடும்பம் திருப்பூணித்துறையில் நிலைகொண்டது. 1865இல் அங்கே ஒரு குன்றின் மேல் மலை மாளிகை எழுந்தது. ஊரின் நடுவே பூர்ணத்ரயீசர் திருக்கோயில் உள்ளது. அரவணையில் பள்ளிகொண்ட கோலத்திலே திருமாலைக் கண்டு பழகிய கண்களுக்கு இங்கே ஒரு புதுமை காத்திருக்கிறது: அனந்தனின் படக்குடையின் கீழ் அவர் அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார்.

அரசர் காலத்து அத்தம்

அந்நாளைய அத்தச்சமயம் அரசரின் விழா. அரசர் பட்டுடுத்து, அணிகலன் பூண்டு, பல்லக்கில் ஏறி வருவார். யானைகளும் படைவீரரும் வாத்தியக்காரரும் அதிகாரிகளும் புடை சூழ்ந்து செல்வர். மக்கள் தெருவின் இருமருங்கும் நின்று தம் மன்னரைக் கண்டு மகிழ்வர். முற்காலத்தில் இவ்வுலா அண்மையிலுள்ள திருக்காட்கரைத் திருக்கோயில் வரை சென்றது என்பது செவிவழிச் செய்தி.

இவ்வுலாவில் ஒரு மரபு கருதத்தக்கது. நெட்டூர்த் தங்கள், கரிங்ஙாச்சிறைக் கத்தனார், செம்பில் அரையன் ஆகிய மூவருக்கும் இவ்விழாவில் சிறப்பிடம் அளிக்கப்பெற்றது. முதலாமவர் இசுலாமியப் பெரியார். இரண்டாமவர் கிறித்தவத் தேவாலயத்தின் குரு. மூன்றாமவர் கடலையும் காயலையும் நம்பி வாழ்ந்த மீனவர் குலத்தின் தலைவர். இந்து மன்னரின் உலாவில் இம்மூவரும் மதிப்புப் பெற்றனர் என்றால், நாட்டின் திருநாள் ஒரு கூட்டத்தார்க்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் அக்காலத்திலேயே வித்தாக ஊன்றியிருந்தது என்னலாம். இன்றும் அம்மூவரின் வழிவந்தோர் விழாவில் மதிக்கப்பெறுகின்றனர்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. அவ்விழாவில் உலா வருபவர் ஒருவர். கண்டு நிற்பவர் பல்லாயிரவர். விழாவின் உரிமை அரசரிடம் இருந்தது; மக்களின் பங்கு காட்சி காண்பதோடு நின்றது.

அரசர் விடைபெற்ற கதை

விடுதலை வந்தபோது இந்த நிலை மாறியது. மலையாள மொழி பேசும் மக்கள் அந்நாளில் மூன்று ஆட்சிகளின் கீழ்ப் பிரிந்து வாழ்ந்தனர். தெற்கே திருவிதாங்கூர், நடுவே கொச்சி, வடக்கே சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார். இம்மூன்றும் ஒன்றாக வேண்டும் என்ற கருத்தைக் கொச்சி மன்னர் கேரளவர்மரே 1946இல் தம் சட்டமன்றத்துக்கு விடுத்த செய்தியில் ஆதரித்தார். 1947 ஏப்ரலில் திருச்சூரில் கூடிய ஐக்கிய கேரள மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார். தம் அரியணையைத் தாமே கரைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஓர் அரசர் மனமுவந்து வரவேற்பது அரிதன்றோ! ஆதலின் 'ஐக்கிய கேரளத் தம்புரான்' என்ற பெயர் அவருக்கு வாய்த்தது.

1949ஆம் ஆண்டு சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே இராச்சியமாயின. திருவிதாங்கூர் மன்னர் இராசப்பிரமுகராகப் பொறுப்பேற்றார். கொச்சியின் கடைசி ஆளும் மன்னராகிய பரீட்சித்துத் தம்புரான் தமக்கெனப் பெரும் பதவி எதையும் வேண்டாது விலகினார். அரசருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அதுகாறும் இலவசமாக அளிக்கப்பட்டு வந்த பஞ்சாங்கத்தைத் தொடர்ந்து அளிக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது என்று, இணைப்புப் பணியை நடத்திய வி. பி. மேனன் தம் நூலில் குறித்துள்ளார். நாடு போயிற்று, நாளும் கோளும் பார்க்கும் ஏடு மட்டும் போதும் என்றார் அவர். சரித்திரத்தின் பேரேட்டில் இது சிறு வரியாயினும் பொன் வரியாகும்.

அரசர் இல்லையாயின் அரசர் உலா ஏது? 1949இல் அத்தச்சமயம் நின்றது. யானை வந்த தெருவில் யானை வரவில்லை. முரசு ஒலித்த முற்றத்தில் முரசு ஒலிக்கவில்லை.

மீண்டும் எழுந்த விழா

விழா ஓய்ந்திருந்த அக்காலத்திலேதான் இன்றைய கேரளம் பிறந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பாரதத்தின் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பெற்றன. மலபார் மாவட்டமும் காசர்கோடு வட்டமும் கேரளத்தில் சேர்ந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு, அஃதாவது இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தன. கேரள மக்கள் அந்த நாளையே கேரளப் பிறவி நாளாகக் கொண்டாடுகின்றனர். தமிழ்நாடோ, பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய 1967 சூலை 18ஆம் நாளை நினைவுகூர்ந்து, 2022 முதல் சூலை 18ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடி வருகிறது.

எல்லை வகுக்கும் பணி துன்பமின்றி முடிந்தது என்று சொல்வதற்கில்லை. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்ப் பகுதிகளின் இணைப்பைக் கோரிப் போராடியவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிரிழந்தனர். அத்துயரை மூடிமறைத்துப் பாடும் ஒற்றுமைப் பாட்டு உண்மையான பாட்டு ஆகாது. ஆயினும் எல்லைக்கோடு ஒருமுறை இழுக்கப்பட்டபின், அதன் இருபுறத்தும் உள்ளோர் ஒருவரோடொருவர் வாழ்ந்தே ஆதல் வேண்டும். எவ்வளவு நுட்பமாகக் கோடு இழுத்தாலும் கோட்டுக்கு இப்பால் சில தமிழரும் அப்பால் சில மலையாளிகளும் இருந்தே தீர்வர். அவர்கள் நிலை என்ன என்பதை அரசியலமைப்பே எண்ணிப் பார்த்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1961ஆம் ஆண்டில் ஓணம் கேரளத்தின் மாநில விழாவாக அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே திருப்பூணித்துறை மக்கள் அத்தச்சமயத்தை மீண்டும் எடுத்து நடத்தினர். ஆனால் இம்முறை பல்லக்கில் மன்னர் இல்லை. உலா வருபவரும் மக்கள். கண்டு மகிழ்பவரும் மக்கள். நகராட்சி முன்னின்று விழாவை நடத்துகிறது. அத்தத்துக்கு முன்னாள் மலை மாளிகையில் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அத்தக் கொடியை நகராட்சித் தலைவரிடம் ஒப்படைக்கிறார். மறுநாள் அரசு ஆண்கள் உயர்நிலைப்பள்ளித் திடலில் அக்கொடி ஏற்றப்பட்டு ஊர்வலம் புறப்படுகிறது. ஆட்சி கைம்மாறிய வரலாற்றையே ஒரு துணிக்கொடி ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறது எனலாம். மலை மாளிகையும் இன்று மன்னர் மனையன்று. 1986 முதல் அது பொதுமக்கள் காணும் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

உலகெங்கும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. 1911இல் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய செய்தியைக் கொண்டாடத் தர்பார் கூடிற்று. சமஸ்தானாதிபதிகள் வரிசையாக வந்து வணங்கினர். அதே தில்லியில் 1950 சனவரி 26ஆம் நாள் முதல் குடியரசு அணிவகுப்பு நடந்தது. யானையும் உண்டு, வாத்தியமும் உண்டு, படையும் உண்டு. ஆயினும் வணக்கம் பெறுவது மன்னர் முடியன்று, மக்கள் கொடி. திருப்பூணித்துறையில் நிகழ்ந்ததும் இதன் சிறு வடிவமே. பழைய விழாவை அடியோடு தள்ளிவிடவும் இல்லை. அதன் பழைய பொருளை அப்படியே சுமக்கவும் இல்லை. கலத்தை வைத்துக்கொண்டு அதனுள் இருந்ததை மாற்றினார்கள்.

தெருவில் வரும் காட்சிகளை இனிக் காண்போம். செண்டையும் கொம்பும் முழங்குகின்றன. வடகேரளத்துத் தெய்யமும் திருச்சூர்ப் புலிக்களியும் வருகின்றன. அலங்கார ஊர்திகளில் புராணக் காட்சியும் வரலாற்றுக் காட்சியும் செல்கின்றன. நாட்டு நடப்பை நகையாடும் காட்சியும் உடன் செல்கிறது. காவடியும் அம்மன்குடமும் ஆடி வரும்போது தமிழர் முகம் மலர்கிறது. ஏன் மலராது? தலையில் குடம் ஏந்தி ஆடும் அம்மன்குடம் நம் ஊர்க் கரகத்துக்கு உடன்பிறந்ததன்றோ!

தமிழர் பங்கு

இந்த விழாவைக் காணும் தமிழருக்கு இதில் உரிமை உண்டா? உண்டு என்பதற்குச் சான்றுகள் தமிழ் நூல்களிலேயே உள்ளன. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் தலைநகரில் மாயோனுக்குரிய ஓணநாள் கொண்டாடப்பட்டதைக் குறிப்பிடுகிறது. அதனை இயற்றியவர் மாங்குடி மருதனார். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டில் திருவோண விழாப் பற்றிய குறிப்பு உண்டு. மயிலாப்பூரில் பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகத்தில் திருஞானசம்பந்தர் ஐப்பசி ஓண விழாவைப் பேசுகிறார். ஆக, ஓணம் என்னும் விழா ஒரு காலத்தில் மதுரையிலும் மயிலையிலும் விளங்கிய விழா. நாம் மறந்ததை மலைநாட்டார் காத்து வைத்தனர். மாவலி மன்னன் ஆண்டுதோறும் தன் குடிகளைக் காண வருகிறான் என்ற இனிய கருத்தையும் அதனோடு சேர்த்துப் போற்றினர்.

திருக்காட்கரையை எடுத்துக்கொள்வோம். ஓணத்தின் மூலத்தலமாகக் கேரளத்தார் கருதும் அவ்வூர் எறணாகுளம் மாவட்டத்தில் உள்ளது. ஓணத்தின்போது வீட்டு முற்றத்தில் களிமண்ணால் செய்து வைக்கும் உருவத்துக்குத் திருக்காக்கரையப்பன் என்றே பெயர். அத்தலத்து வாமனப் பெருமானை நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு முழுப் பதிகத்தால் பாடியுள்ளார். அண்மையிலுள்ள திருமூழிக்களமும் அவர் பாடல் பெற்றதே. கொடுங்கல்லூர்ப் பக்கத்துத் திருவஞ்சைக்களம் சுந்தரரின் தேவாரம் பெற்ற தலம். வைணவத்தில் குலசேகர ஆழ்வாரும் சைவத்தில் சேரமான் பெருமாள் நாயனாரும் மலைநாட்டு மன்னர்களே. பதிற்றுப்பத்து முழுவதும் சேர வேந்தரின் புகழ். சிலப்பதிகாரத்தை ஆக்கிய இளங்கோவடிகள் சேரர் குலத்தோன்றல் என்பது வழிவழி வந்த செய்தி. சேரரின் வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டனர். அவ்வாதம் இருக்க, முசிறித் துறையில் மிளகேற்றிய கலங்களைப் பாடிய புலவர் மொழி தமிழ் என்பதில் வாதமில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'எல்லாம் எங்களுடையதே' என்று கூறுவது உறவாகாது, உரிமை வழக்காகிவிடும். சேரநாட்டுப் பழந்தமிழ் மரபு ஒன்று. அதன்மேல் ஆயிரம் ஆண்டுகளாகத் தனி மொழியும் தனிக் கலையும் வளர்த்த மலையாள மக்களின் உழைப்பு மற்றொன்று. கதகளியும் கூடியாட்டமும் பஞ்சாரி மேளமும் அவர்கள் படைத்த செல்வங்கள். ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்ட இரண்டு ஆறுகள் வெவ்வேறு நிலங்களை வளப்படுத்தின என்று கொள்வதே முறை.

பழைய உறவு இருக்கட்டும். அண்மைக் காலத்து உறவையும் காண்போம். 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். கொச்சித் துறைமுகம் பெருந்துறைமுகமாக வளர்ந்த ஆண்டுகள் அவை. 1947இல் விடுதலை பெற்ற பாரதத்தின் முதல் நிதியமைச்சரானவரும் அவரே. சிலப்பதிகாரத்தின் புகார்க்காண்டத்துக்கு உரை கண்டவரும் அவரே. சேர இளவலின் காவியத்துக்குச் சேரநாட்டில் திவானாக இருந்த தமிழர் உரை எழுதியது பொருத்தமான நிகழ்ச்சி அன்றோ!

1902இல் சொர்ணூரிலிருந்து எறணாகுளத்துக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அப்பாதைக்குப் பொருள் திரட்டப் பூர்ணத்ரயீசர் திருக்கோயிலின் யானைகளுக்குரிய பொன் நெற்றிப்பட்டங்களை அன்றைய மன்னர் இராமவர்மர் விற்றார் என்பது கொச்சியில் எல்லாரும் அறிந்த செய்தி. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவையிலிருந்து வரும் தமிழருக்குக் கொச்சியின் கதவைத் திறந்துவிட்டது அப்பாதையே. கோயில் யானையின் நெற்றிப்பொன் இரும்புத் தண்டவாளமாக மாறி இரு நாட்டையும் பிணைத்தது.

பெரும் பதவியில் இருந்தவர்கள் மட்டுமே உறவை வளர்த்தார்கள் என்று எண்ணலாகாது. கொச்சிக் கோட்டைப் பகுதியில் தோபிகானா என்ற சலவைத்துறை உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வாழும் தமிழர், டச்சுக்காரர் காலத்தில் வருவிக்கப்பெற்றோர் வழியினர் என்று கூறப்படுவர். மட்டாஞ்சேரியில் நடந்து பார்த்தால் ஒரு சிறு பாரதமே கண்ணில் படும். 1568இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் ஒருபுறம். கொங்கணியர் கோயில் ஒருபுறம். குசராத்தியர் கடைகள் ஒருபுறம். இவர்கள் எவரும் தம் தாய்மொழியைக் கடலில் எறிந்துவிட்டுக் கொச்சியராகவில்லை. தம் மொழியோடும் தம் வழிபாட்டோடுமே கொச்சியராயினர்.

இன்றும் ஓணப் பூக்கோலத்துக்கு வேண்டிய பூவில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? தோவாளையிலிருந்தும் கோவையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வண்டி வண்டியாகச் செல்கிறது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்த தோவாளை இன்று தமிழ்நாட்டின் ஊர். எல்லை மாறிய பின்னும் பூவின் வழி மாறவில்லை.

உரிமையும் கடமையும்

உணர்ச்சியால் மட்டும் உறவு நிலைக்காது. சட்டத்தின் துணையும் வேண்டும். 1956இல் மாநிலங்களைத் திருத்தியமைத்தபோது அரசியலமைப்பிலும் ஏழாம் திருத்தம் செய்யப்பெற்றது. அத்திருத்தத்தால் 350-அ என்னும் பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதிகளைச் செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அது கூறுகிறது. 350-ஆ என்ற பிரிவின்படி இச்சிறுபான்மையினரின் நலம் காணத் தனி அதிகாரி ஒருவர் ஏற்படுத்தப்பட்டார். இத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளும் 1956 நவம்பர் முதல் நாளே. எல்லைக்கோடு இழுத்த அன்றே, கோட்டுக்கு அப்பால் நின்றவருக்குக் காவலும் எழுதப்பெற்றது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுதித் தொடர்புகொள்ள இடமளித்தது.

ஆகவே அத்தக் கொடி ஏறும்போது தமிழர் தயங்கி நிற்க வேண்டுவதில்லை. உரிமை உண்டு, அதனோடு கடமையும் உண்டு. வாழும் மாநிலத்தின் மொழியைப் பிழையின்றிக் கற்பது முதற்கடமை. அதன் வரலாற்றை அறிந்து மதிப்பது இரண்டாவது. தம் மக்களுக்குத் தமிழ் எழுத்தறிவித்து வளர்ப்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தமிழ் அறிந்த குழந்தைதான் திருக்காட்கரையின் பெயரை நம்மாழ்வார் பாடலில் காணும். மலையாளம் அறிந்த குழந்தைதான் அதே பெயரை அண்டை வீட்டு முற்றத்துப் பூக்கோலத்திலும் காணும். இரண்டும் அறிந்த குழந்தைக்கு இரண்டும் ஒரே ஊர் என்பது விளங்கும். ஒன்றை மட்டும் அறிந்த குழந்தைக்கோ பாதிச் சரித்திரமே கிட்டும்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பல ஊர்களின் திருவிழாக்களைப்போல் அத்தமும் ஆரவாரமின்றிக் கழிந்தது. 2022இல் நாடு விடுதலையின் 75ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய பதினைந்தாம் நாள், ஆகஸ்டு 30ஆம் நாள் அத்தம் வந்தது. மூவண்ணக் கொடி ஏறிய அதே திங்களில் அத்தக் கொடியும் ஏறியது. பெரிய கொடி சிறிய கொடியை மறைக்கவில்லை. சிறிய கொடி பெரிய கொடிக்குப் போட்டியாகவும் நிற்கவில்லை. மாநிலத்தின் பெருமையும் நாட்டின் பெருமையும் எவ்வாறு இசைந்து நிற்க வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

நேயர்களே, நீங்கள் கொச்சியில் இருக்கலாம். பம்பாயிலோ கல்கத்தாவிலோ பெங்களூரிலோ தில்லியிலோ இருக்கலாம். உங்கள் ஊருக்கும் ஓர் அத்தச்சமயம் இருக்கும்; அதன் பெயர் வேறாக இருக்கும். அது யாருடைய விழாவாகத் தொடங்கியது, எவ்வாறு மக்கள் விழாவாயிற்று, அதில் நம் முன்னோர் கால்பட்ட இடம் எது என்று கேட்டறியுங்கள். ஊரிலுள்ள முதியவரைக் கேளுங்கள். நூல் நிலையத்தை நாடுங்கள். அறிந்ததை உங்கள் குழந்தைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அவ்விழா வரும்போது உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு கூடைப் பூ செல்லட்டும்.